உச்சிவேளை முரசு

முன்னொரு காலத்திலே மாந்துறை நாட்டை மகிழவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர், ஆனால் அந்த மனசு ஓரிடத்தில் நிற்காது. காலையில் யானைகளுக்கெல்லாம் மணி கட்டச் சொல்வார், மத்தியானம் சத்தம் தாங்காமல் அவிழ்க்கச் சொல்வார். அவரைக் கட்டி மேய்த்தவர் மந்திரி உடையநம்பி. சாப்பிட்டதும் ஒரு குட்டித் தூக்கம் போட்டால்தான் நம்பிக்கு மூளை ஓடும்.

அந்த வருஷம் தலைநகருக்கு மேற்கே பெரிய ஏரி ஒன்று வெட்டினார்கள். உச்சிவேளையில் முரசு ஒலித்ததும் மண்வெட்டியும் கூடையும் கீழே இறங்கிவிடும். ஆணும் பெண்ணும் கூழைக் குடித்துவிட்டுப் புங்கமர நிழலில் ஒரு நாழிகை கண்ணயர்வார்கள். அது நம்பி செய்த ஏற்பாடு.

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர் தாண்டவராயர். சபை கூடும்போது ராஜாவின் பட்டங்களை முழங்குவது அவர் வேலை. ஒருநாள் அதை முடித்த கையோடு பேச்சை எடுத்தார்.

"மகாராஜா, மழை வரப்போகிறது. கரை பாதிதான் எழும்பியிருக்கிறது. உச்சிவேளையில் போய்ப் பாருங்கள், கரையே குறட்டை விடுகிறது!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "என்ன நம்பி, நீ தூங்குவது போதாதென்று ஊரையே தூங்கவைத்துவிட்டாயா? இனிமேல் முரசு கிடையாது. பொழுது சாயும்வரை யாரும் உட்காரக் கூடாது!"

"வேண்டாம் மகாராஜா. களைத்த கை கட்டும் கரை நிற்காது."

"ராஜ விசுவாசம் உள்ளவனுக்குக் களைப்பு ஏது?" என்று குறுக்கே விழுந்தார் தாண்டவராயர்.

நம்பி ஏரியை நினைத்துப் பார்த்தார். கரை உடைந்தால் அதன் கீழே இருக்கும் ஊர்கள் அத்தனையும் போய்விடும். ஆனாலும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"களைப்பு இல்லை என்று காட்ட ராயர் மண் சுமக்க வேண்டாம் மகாராஜா. நாளை சபை கூடியதிலிருந்து கலையும்வரை தங்கள் பட்டங்களை இடைவிடாமல், பிசகாமல் சொல்லட்டும். சொல்லிவிட்டால் என் மந்திரி முத்திரை மோதிரம் அவருக்கு. பிசகினால் முரசு ஒலிக்கட்டும்."

"பூ, இவ்வளவுதானா! என் ராஜாவைப் புகழ ஒரு நாள் போதுமா?" என்றார் ராயர்.

மறுநாள் சபை அதிர்ந்தது.

"மலையைப் பிளந்த மாவீரர்! மதயானையை அடக்கிய தீரர்! பகைவரை ஓட ஓட விரட்டியவர்! ஏழைகளுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தவர்!"

ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு கேட்டார். வெயில் ஏறியது. ராயருக்குக் கால் கடுத்தது, குரல் கம்மியது. உச்சிவேளை தாண்டியதும் கண் சொருகியது.

"மதயானையைப் பிளந்தவர்... மலைக்கு அடங்கியவர்... ஏழைகளை ஓட ஓட விரட்டியவர்... பகைவருக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தவர்..."

சபை மூச்சை அடக்கிக்கொண்டது. மகாராணிதான் முதலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ராஜா வாளை உருவினார்.

"அடே, என் மானத்தை வாங்கினாயே! உன் தலையை இப்போதே..."

ராயர் கால் மடிந்து விழுந்தார். தன் பதவியைப் பறிக்க வந்த ஆள்தானே என்று நம்பி சும்மா இருந்திருக்கலாம். அவரோ வாளுக்குக் குறுக்கே வந்து நின்றார். அந்த இடத்தில்தான் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

"பேசியது ராயர் இல்லை மகாராஜா, அவருடைய களைப்பு. ஒரு நாழிகை பொறுங்கள்."

ராயருக்கு மோர் கொடுத்துத் தூணோரமாகப் படுக்கவைத்தார். எழுந்ததும் சொல்லச் சொன்னார். பட்டங்கள் ஒன்றுகூடப் பிசகாமல் கணீரென்று வந்தன.

"இங்கே வாய் பிசகியது, சிரித்ததோடு போயிற்று. கரையில் கை பிசகினால் யார் சிரிக்க மிஞ்சுவார்கள்?" என்று கேட்டார் நம்பி.

ராஜா வாளை உறையில் போட்டார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி நம்பியின் கழுத்தில் போட்டார்.

"ராயரே, இனி ஏரிக்கரையில் உச்சிவேளை முரசு அடிப்பது உம்முடைய வேலை."

ஐப்பசி மழை கொட்டியது. ஏரி தளும்பியது. கரை அசையவில்லை.

அடுத்த கோடையில் வாய்க்கால் வெட்டும்போது ராஜாவே நேரில் வந்து, அதை இப்படி வெட்டு, இதை அப்படி வெட்டு என்று ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். முரசு ஒலித்தது. அவர் நிறுத்தவில்லை. தாண்டவராயர் முரசுக்கோலோடு வந்து கைகட்டி நின்றார்.

"மகாராஜா, முரசு அடித்தாயிற்று. தாங்களும் உட்காரத்தான் வேண்டும்."

கரையே திகைத்துப் பார்த்தது. ராஜா மெல்லக் கிரீடத்தைக் கழற்றி ஒரு மண்கூடையில் வைத்துவிட்டுப் புங்கமர நிழலில் சாய்ந்தார். பக்கத்தில் நம்பி ஏற்கெனவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.