குளத்துக்குக் குப்பை தேவை

இந்தக் கூத்தைக் கேளுங்கள். என்.சி.சி. பிள்ளைகள் இரண்டே நாளில் ஊர்க்குளத்தைச் சுத்தமாக்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் கையுறை மாட்டிக்கொண்டு வந்த கவுன்சிலர் செண்பகராமனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"குப்பை எங்கம்மா? நான் அள்ளுற மாதிரி போட்டோ எடுக்கணும். பத்து நிமிஷத்துல கொண்டாந்து கொட்டுங்க. இல்லேன்னா நாளைக்கு உங்களை முகாமுக்குக் கூட்டிட்டுப் போக என் பஸ் வராது."

சுத்தம் செய்ய வந்தோமா, அசுத்தம் செய்ய வந்தோமா? அணியே விழித்தது. கேடட் மாரிச்செல்வி மட்டும் "எஸ் சார்" என்று சல்யூட் அடித்தாள். குளத்தில் அள்ளிய குப்பை மூட்டை ஒன்றைத் தூக்கிவந்து அவர் காலடியில் அவிழ்த்தாள்.

கவுன்சிலர் சிரித்தபடி குனிந்து அள்ளினார். அவள் போனில் கிளிக் செய்தாள். அவர் கையில் கிழிந்த பிளெக்ஸ். அதில் பிறந்தநாள் மாலையோடு அவரே கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வேற மூட்டை இல்லியா?"

"நாலு இருக்கு சார். எல்லாத்துலயும் நீங்கதான்."

"படத்தை யாருக்கும் அனுப்பிடாதம்மா."

"சரி சார். பஸ் எத்தனை மணிக்கு வரும்?"