மாசாணம் லோடு குறைச்ச கதை

ஏ, உக்காருங்கப்பா! யாரது பின்னால குசுகுசுன்னு? வாயை மூடு. மாசாணத்தோட மேஸ்திரி வேலை ஊசலாடுது, உனக்குப் பேச்சு கேக்குதா?

சாத்தூர்ப் பக்கம் ஒரு மிளகாய்ப்பொடி மில்லு. அரைக்கிற மோட்டாருக்குப் புதுசா ஒரு டிரைவ் பெட்டி மாட்டுனாங்க. மாட்டுன இன்ஜினியர் சொன்னாரு: "மோட்டார் வேகத்தைக் கூட்டுறது, குறைக்கிறது எல்லாம் இந்தப் பெட்டிதான். மோட்டாருக்கு ஆபத்துன்னா அதுவா நிறுத்திடும். என்ன கோளாறுன்னு என் செல்லுக்குச் சேதியும் அனுப்பிடும். நான் போன்ல சொல்றதை அப்படியே செய்யுங்க, போதும்."

முதலாளி சொன்னது இன்னும் சுருக்கம்: "மாசாணம், சாயங்காலம் லாரி வருது. பொடி ரெடியா இல்லேன்னா, நாளையிலருந்து இங்க வேலை பாக்குற உன் மாமியாருக்குக் கீழ உக்காந்து மிளகாய்க் காம்பு கிள்ளு."

மாசாணம் துண்டை உதறித் தோள்ல போட்டான். மாமியாருக்குக் கீழயா! அவசர அவசரமா மூட்டை மூட்டையா மிளகாயைக் கொட்டி, மிஷின் வாய் பிதுங்கத் திணிச்சான். பெட்டி 'கீங்'குன்னு கத்திட்டு மோட்டாரை நிறுத்திடுச்சு. உடனே இன்ஜினியர்கிட்டருந்து போன்.

"லோடு ஜாஸ்திய்யா! குறைங்க!"

மாசாணம் ஆளுங்களைக் கூட்டுனான். "மில்லுக்குள்ள ஜாஸ்தி லோடு எது?"

எல்லாரும் மூட்டை தூக்குற குண்டு சோணையனைப் பாத்தாங்க.

"நான் என்னப்பா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்ணே. வீட்டுக்குப் போங்க, அதுவே பெரிய உதவி."

சோணையன் கிளம்புனான். "சின்ன லோடும் லோடுதானே?"ன்னு கூட வேலை பாக்குற ஒல்லி வீரபுத்திரன் கேட்டான். நியாயம்தானே! மத்தவங்களும் வெளிய நடந்தாங்க. போறது சும்மா போவானேன்னு, மிஷின்ல திணிச்ச மிளகாயையும் அள்ளிட்டே போனாங்க. மாசாணம் மட்டும் வயித்தை எக்கி, நுனிக்கால்ல நின்னு பட்டனை அமுக்குனான்.

மோட்டார் ஜம்முனு ஓடுச்சு!

"பாத்தியாலே! நம்மளாலதான் இத்தனை நாளா இதுக்குக் கஷ்டம்!"ன்னு வாசலைப் பாத்துக் கூவுனான்.

கொஞ்ச நேரத்துல மறுபடி 'கீங்'. மறுபடி போன்.

"மோட்டார் வெறுமனே சுத்துதாம், பெட்டி சொல்லுது! லோடைப் போடுங்கய்யா!"

"அங்க இருக்கிறவருக்கு எப்படித் தெரியுது? பெட்டி போட்டுக் குடுக்குதுலே"ன்னு மாசாணம் வாயில துண்டை வச்சுக்கிட்டான். அப்புறம் எல்லாம் ரகசியக் குரல்தான்.

"சோணையண்ணனைக் கூப்பிடு."

சோணையன் ஏப்பம் விட்டுக்கிட்டே வந்தான்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"ரெண்டாந்தடவை ரசம் ஊத்துறப்பதான்யா கூப்பிட்டீங்க."

"போச்சு! போனப்ப இருந்த லோடு வேற, வந்திருக்கிற லோடு வேற!" மாசாணம் தலையில கையை வச்சான்.

"முழுசா வந்தா ஜாஸ்தி, வராட்டி கம்மி"ன்னு வாசலுக்கு வெளிய நின்னு யோசிச்ச வீரபுத்திரன், "பாதி ஆளை மட்டும் உள்ள விட்டா?"ன்னான்.

அடேயப்பா, என்ன மூளை! சோணையனை வாசப்படியில, ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளியன்னு நிக்க வச்சாங்க. பட்டனை அமுக்குனா, ஓடுது! மாசாணத்துக்குக் கண்ணுல தண்ணி. "அண்ணே, கொட்டாவிகூட விட்டுறாதீங்க. என் மானம் உங்க கால்ல இருக்கு."

அந்நேரம் லாரி வந்துடுச்சு. சோணையனை இடிச்சுத் தள்ளிட்டு முதலாளி உள்ள பாஞ்சாரு.

"பொடி எங்கடா?"

"பொடியா? லோடு சரி பண்ணவே நேரம் சரியாப் போச்சு, முதலாளி."

"போடா மாமியார்கிட்ட! இனிமே நீ மேஸ்திரியும் இல்ல, மண்ணும் இல்ல!"

'கீங்'. மோட்டார் நின்னுடுச்சு.

வாசலுக்கு வெளிய ஒரு மூலையில கொப்பையா. வேலைக்குச் சேந்ததுலருந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். மெல்ல எந்திரிச்சான்.

"திட்டுறதுன்னா நீங்களும் ஒரு காலை வெளிய வச்சுக்கிட்டுத் திட்டுங்க முதலாளி. லோடு கூடுதுல்ல!"