பதினாறாம் இலை

முன்னொரு காலத்தில் செம்பியன்கரை நாட்டை நெடுமாற வர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். அந்தக் காலத்து அரண்மனையில் சர்வர் எப்படி வந்தது என்று கேட்டால் கதை நகராது. இருந்தது, அவ்வளவுதான். அந்தப்புரத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு கறுப்புப் பெட்டி, அதைப் பார்த்துக்கொள்ள தில்லைவடிவு என்ற பெண். சர்வர் என்றால் பந்தியில் பரிமாறுகிறவன் என்றே ராஜா நெடுநாள் நினைத்திருந்தார். பெட்டி எப்போது சாம்பார் ஊற்றும் என்று இரண்டு முறை கேட்டும் இருக்கிறார்.

பெட்டிக்குள் சேவை என்று சொல்லப்படும் இரண்டு நிரல்கள் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று காலையில் ராணிக்குப் பாட்டுப் போடும். மற்றது இளவரசியின் படங்களைக் காட்டும். ஒவ்வொரு சேவைக்கும் போர்ட் என்று எண் போட்ட ஒரு வாசல் வேண்டும். ஒரு வாசலில் ஒரு சேவைதான் உட்கார முடியும். இது பச்சைக் குழந்தைக்கும் புரியும், சபைக்குத்தான் புரியவில்லை.

காரணம், அரண்மனைக் கணக்குப் பார்க்கும் சம்பிரதி தாண்டவமூர்த்தி. பெட்டி அறைச் சாவி தன் மைத்துனனுக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறெரிந்தவர். தில்லைவடிவு இரண்டு சேவைக்கும் இரண்டு எண் கேட்ட அன்று அவர் எழுந்து, அவள் சொன்ன எட்டாயிரத்து எண்பதின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் பதினாறு வருகிறது, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்துகிற நாட்டில் ராஜகுடும்பத்துக்கு வேறு எண்ணா என்று கேட்டார். ராஜா உருகிப்போனார். எல்லாச் சேவைக்கும் எட்டாயிரத்து எண்பதுதான் என்று ஓலை பிறந்தது.

அன்று பிடித்தது சனி. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் இரண்டும் ஒரே வாசலுக்கு ஓடும். முதலில் வந்தது உட்காரும், பின்னால் வந்தது இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செத்து விழும். ஒரு நாள் பாட்டு வரும், படம் வராது. மறுநாள் படம் வரும், பாட்டு வராது. தில்லைவடிவு தலையில் அடித்துக்கொண்டு பதினேழு தடவை விளக்கினாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசி வாரம் இரண்டுமே வரவில்லை, வெறும் வெள்ளைப் பக்கம் மட்டும் வந்தது.

ராஜாவுக்குப் பொறுமை போயிற்று. வெள்ளிக்கிழமை பெண் பார்க்கச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.

"வெள்ளிக்கிழமை பாட்டும் ஓட வேண்டும், படமும் ஓட வேண்டும். எண்ணை மாற்றினால் தொலைந்தாய். முடியாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போய்விடு" என்றார்.

தில்லைவடிவு அறைக்குப் போய், எட்டாயிரத்து எண்பதில் உட்கார்ந்திருப்பது யார் என்று பெட்டியையே கேட்டாள். மூன்றாவதாக ஒரு சேவையின் பெயரைச் சொன்னது: 'தாண்டவப் புகழ்மாலை'. மைத்துனன் கைவேலை; சாவி இல்லாமலே சம்பிரதி வீட்டிலிருந்து கம்பி வழியாக நுழைத்திருக்கிறான். சம்பிரதி வீட்டிலிருந்து திறந்தால் மட்டும் அவர் புகழ் பாடும், மற்றவர்களுக்கு வெள்ளைப் பக்கம். நிறுத்தினால் கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி எழுந்து உட்கார்ந்துவிடும். வேரோடு பிடுங்கினாலும் மற்ற இரண்டும் அதே வாசலுக்குத்தான் அடித்துக்கொள்ளும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சொன்னால் ராஜா நம்பமாட்டார் என்பதும் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், மறுநாள் மதிய விருந்தைத் தான் நடத்த அனுமதி கேட்டு வாங்கினாள்.

மறுநாள் சபையார் ஒவ்வொருவர் கையிலும் இலை எண் எழுதிய ஓலை நறுக்கு. எல்லாவற்றிலும் பதினாறு. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதில் தாண்டவமூர்த்தியை மிஞ்ச ஆளில்லை. ஓடிவந்து பதினாறாம் இலையில் உட்கார்ந்தார். பின்னால் வந்த சேனாதிபதிக்கும் பதினாறு, புரோகிதருக்கும் பதினாறு. கூடம் நிறையக் காலி இலைகள், சுற்றிலும் பசியோடு நிற்கிற பெரிய மனிதர்கள். கடைசியாக ராஜா வந்தார். அவருடைய நறுக்கிலும் பதினாறு.

"சம்பிரதி, எழுந்திரும்" என்றார் ராஜா.

தாண்டவமூர்த்தியின் வாயில் அதிரசம். அதை ஒருவழியாக விழுங்கிவிட்டு, "பிரபு, சாப்பாட்டில் கை வைத்தாயிற்று. பாதிப் பந்தியில் எழுந்தால் அன்னத்துக்கு அவமரியாதை ஆயிற்றே" என்று நெளிந்தார்.

ராஜா தில்லைவடிவைப் பார்த்து உறுமினார். "என்ன கூத்து இது? இத்தனை இலை காலியாகக் கிடக்க எல்லோருக்கும் ஒரே எண்ணா?"

"எண்ணை மாற்றக் கூடாது என்று உத்தரவு மகாராஜா. பெட்டிக்குள்ளும் தினம் இந்தப் பந்திதான் நடக்கிறது. முதலில் வந்தவர் எழுந்திருக்க மாட்டார், மற்றவர்கள் பட்டினி."

ராஜா சுற்றிலும் பார்த்தார். சேனாதிபதியின் வயிறு கடமுட என்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சரி, நம் பெட்டியில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது யார்?"

"இவரேதான் மகாராஜா. நம்பாவிட்டால் இவர் வீட்டில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று பதினாறாம் இலையைக் காட்டினாள்.

சம்பிரதி வீட்டுக்கு ஆள் போனது. அங்கே புகழ்மாலை, 'வருங்கால முதன்மந்திரி வாழ்க' என்று பாடிக்கொண்டிருந்ததாகச் சேவகன் வந்து சொன்னான். தாண்டவமூர்த்தி தலை நிமிரவில்லை, ஆனாலும் பாயசத்தை விடவில்லை.

தில்லைவடிவு புகழ்மாலையை வேரோடு பிடுங்கினாள். பாட்டுக்கு எட்டாயிரத்து எட்டு, படத்துக்கு எட்டாயிரத்து எண்ணூறு என்று வைத்தாள். ராஜா விரல் விட்டுக் கூட்டினார். இரண்டுமே பதினாறு. இது முன்பே தோன்றவில்லையே என்று வெட்கப்பட்டார். பெட்டியைப் பற்றி இனி யாரும் அவளுக்கு யோசனை சொல்லக் கூடாது என்று புது ஓலை எழுதி, முத்துமாலை ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். தாண்டவமூர்த்திக்கும் வேலை கொடுத்தார்: ஒரு வருஷம் பந்தி வாசலில் நின்று, வருகிறவர்களை அவரவர் இலைக்கு அனுப்பிவிட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை சம்பந்தி ராஜா வந்தார். பாட்டுக் கேட்டார், படம் பார்த்தார், பெண்ணையும் பார்த்தார். எல்லாம் பிடித்துப்போயிற்று. தாம்பூலம் மாற்றும் நேரத்தில் நெடுமாற வர்மனைத் தனியே அழைத்து, தங்கள் அரண்மனையிலும் ஒரு பெட்டி இருப்பதாகவும், அதற்குள் எட்டு மாதமாக வாசல் சண்டை ஓயவில்லை என்றும், சீதனமாக வேறெதுவும் வேண்டாம், பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை அனுப்பினால் போதும் என்றும் கெஞ்சினார்.

ராஜா யோசிக்கவே இல்லை.

"மகளைத் தருகிறேன், கேட்டால் பாதி நாட்டையும் தருகிறேன். தில்லைவடிவைத் தரமாட்டேன்."