உலைக்கு ஒரு பொன்னாடை

ஐப்பசி பிறந்தால் மழை தவறாத அந்தக் காலத்தில், கரிமலை நாட்டை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். பூமியைத் தோண்டிக் கரி எடுத்து எரிக்கலாம் என்று அவனுக்கு யோசனை சொன்னவர் ஆலோசகர் கோமளநாதர். அப்புறமென்ன, நாடெங்கும் உலை, ஊரெங்கும் புகை! புது உலை மூட்டினால் கோமளநாதருக்கு ஒரு பொன்னாடை. ராஜா போர்த்தியதைச் சபை கலையும்வரை கழற்றக் கூடாது, அது அந்த நாட்டு வழக்கம்.

வருஷம் போகப் போக வெயில் ஏறியது, ஐப்பசி மழையும் பொய்த்தது. ராஜாவின் ஒரே மகள் செண்பகவல்லி சூடு தாங்காமல் படுத்த படுக்கையானாள். சின்னப் பிள்ளை, பாவம்.

"உலைகளை நிறுத்துங்கள் அரசே, குழந்தையை வாட்டுவது அதுதான்," என்றார் அமைச்சர் வெண்காடர்.

கோமளநாதருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மலையடிவாரத்து நெருப்பு அரண்மனையில் வந்து சுடுமா? பொறாமையில் உளறுகிறார்!"

"வெண்காடரே, சொன்னதை நிரூபியும். இல்லாவிட்டால் நாடு கடத்துவேன்," என்று ராஜா சீறினான்.

"ஆகட்டும். இதுவரை மூட்டிய உலைகள் எல்லாவற்றுக்கும் இன்றே, ஒரே சபையில், உலைக்கு ஒன்றாக இவருக்குப் பொன்னாடை போர்த்துங்கள்," என்றார் வெண்காடர்.

கோமளநாதருக்கு வாயெல்லாம் பல். ஆடைமேல் ஆடை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வியர்த்தார், தள்ளாடினார், தொப்பென்று விழுந்தார். "ஐயோ, வேகிறேனே! எடுங்கள்!"

வெண்காடர் குனிந்து கேட்டார். "ஆடையில் நெருப்பு இல்லையே, எப்படிச் சுடுகிறது?"

"என் உடம்புச் சூடுதான் ஐயா! வெளியே போக வழியில்லையே!"

"கேட்டீர்களா அரசே? கரி எரிந்தால் கறுப்புப் புகை கலைந்துவிடும். கூடவே போகிற, கண்ணுக்குத் தெரியாத ஆவி கலையாது. மேலேயே நின்று பூமியைப் போர்த்துகிறது. வாங்கிய வெயிலைப் பூமியால் வெளியே விட முடியவில்லை."

ராஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தானே ஆடைகளை உருவி எறிந்தான். "உலைகளை அணையுங்கள்! கோமளநாதரே, உம் பதவி போயிற்று. போய் மலையில் மரம் நடும்!" பிறகு குரல் தழைந்து, "வெண்காடரே, பூமிமேல் இருப்பதையும் இப்படி எடுத்துவிடலாம்தானே?" என்றான்.

வெண்காடர் தலையைக் குனிந்துகொண்டார். "அது நம் கைக்கு எட்டாது அரசே. இனிமேல் போர்த்தாமல் இருக்கலாம், அவ்வளவுதான். இளவரசியின் பேரப்பிள்ளைகள் காலத்தில் கொஞ்சம் ஆறலாம்."

கண் கலங்கிய ராஜா, அவருக்குப் போர்த்த ஒரு புதுப் பொன்னாடையை எடுத்தான்.

வெண்காடர் கைகூப்பிப் பின்வாங்கினார். "வேண்டாம் அரசே. உள்ளே குழந்தைக்கு விசிறிவிட ஆள் வேண்டும்."

ராஜாவே போய் விசிறியை எடுத்தான். அன்றைக்கே உலைகள் எல்லாம் அணைந்தன. அடுத்த ஐப்பசிக்கும் மழை வரவில்லை. ராஜா விசிறிக்கொண்டே இருந்தான்.