மன்னர் கொடுத்த கல்பு

முத்தரசன்துறையை ஆண்ட மாறவேளுக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. ஏடனிலிருந்து குதிரைகளோடு வந்திருந்த வணிகர் ஹாத்திமை அரபு மொழியிலேயே வரவேற்று அசத்திவிட வேண்டும். துறைமுகத்தில் யாரையோ பிடித்து நாலு சொல் கற்றுக்கொண்டார். அரபும் தமிழும் அறிந்த அவைப்புலவர் கலந்தர் லெப்பையிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவர் திருத்துவார்.

சபை கூடியது. மன்னர் எழுந்து, மார்பில் கைவைத்து, அரபில் முழங்கினார்.

"என் கல்பு உங்களுடையது!"

'என் இதயம் உங்களுடையது' என்று சொன்னதாக அவருக்கு நினைப்பு.

ஹாத்திமும் மார்பில் கைவைத்து, "என் கல்பும் தங்களுடையது" என்று அரபிலேயே பதில் சொன்னார். பிறகு நல்ல தமிழில் கேட்டார்: "நாயை எப்போது அழைத்துப் போகலாம்?"

"எந்த நாய்?" என்றார் மன்னர்.

"மன்னர் இப்போது கொடுத்த நாய்."

எல்லோரும் லெப்பையைப் பார்த்தார்கள்.

"இதயத்துக்கான 'க' தொண்டையின் அடியிலிருந்து வர வேண்டும், மன்னா" என்றார் லெப்பை. "தங்களுக்கு வாயிலேயே வந்துவிட்டது. அப்படி வந்தால் நாய்."

மன்னரிடம் இருந்த நாய் சூறை. வேட்டையில் காட்டுப்பன்றி பாய்ந்தபோது குறுக்கே விழுந்து அவர் உயிரைக் காத்தது. வந்த நாளிலிருந்தே ஹாத்திமுக்கு அதன்மேல் ஒரு கண். இப்போது சபையறிய வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"கொடுத்துவிடுங்கள், மன்னா" என்றார் லெப்பை.

"லெப்பை!"

"சொன்னது சொன்னதுதான். சூறையைக் கொண்டுவரட்டும். அப்படியே அரண்மனை வைத்தியரும் வரட்டும். கத்தியும் ஒரு தாம்பாளமும் வேண்டும்."

"வைத்தியர் எதற்கு?" என்றார் ஹாத்திம்.

"தாங்களும் ஒன்று கொடுத்தீர்களே. தங்கள் உச்சரிப்பில் குற்றமே இல்லை. தொண்டையின் அடியிலிருந்து வந்தது. இதயமேதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. வைத்தியர் வந்து, தாம்பாளத்தைத் துடைத்து வைத்து, "அங்கியை மட்டும் கழற்றினால் போதும்" என்றார்.

ஹாத்திம் சற்று யோசித்தார். "லெப்பை அவர்களே, இதயத்துக்கு ஏன் கல்பு என்று பெயர்? புரள்வது என்ற சொல்லிலிருந்து வந்தது அது. ஒரு நிலையில் நிற்காமல் புரண்டுகொண்டே இருக்கும். என்னுடையது இப்போது புரண்டுவிட்டது. கொடுப்பதற்கில்லை."

"நியாயம். அப்படியானால் மன்னர் கொடுத்த கல்பும் புரளலாமே?"

"அது எப்படி? நாய்க்குரிய சொல் வேறு. அதற்கும் புரள்வதற்கும் சம்பந்தமே இல்லை!"

அந்த நேரம் சூறையை அழைத்து வந்தார்கள். அது ஹாத்திமைத் தாண்டி ஓடியது. மன்னரின் காலடியில் மல்லாந்து விழுந்து, நாலு காலையும் தூக்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் புரண்டது.

லெப்பை அதைக் கவனமாகப் பார்த்தார். "வணிகரே, உச்சரிப்பு எப்படி இருந்தாலும் மன்னர் சரியான கல்பைத்தான் கொடுத்திருக்கிறார். இதுவும் புரண்டுவிட்டது."

ஹாத்திம் நாயைப் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். முதலில் சிரித்தவரும் அவர்தான்.

மன்னரும் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி லெப்பைக்குப் போட்டார். எந்த மொழியிலும் ஒரு வார்த்தை பேசவில்லை.