செயலாளர் வைத்த கம்பி

கோலூன்றித் தாண்டும் வியாகுலமேரி, விடுதியில் பாத்திரம் தேய்ப்பவள். நான்கு மீட்டர் தாண்டினால் அவளுக்குத் தேசிய முகாமில் இடம் உண்டு. தன் அண்ணன் மகளை அனுப்ப நினைத்த சங்கச் செயலாளர் தணிகாசலம், தானே போய்க் கம்பியை வைத்தார். நான்கு மீட்டரைவிட உயரமாகத் தெரிந்த அதையும் அவள் தாண்டிவிட்டாள்.

செயலாளர் ஓடி வந்தார். "நாலு மீட்டரெல்லாம் பத்தாது. நாலு இருபது தாண்டினாத்தான் முகாம்!"

"சரிங்க சார்" என்றவள் நடுவரிடம் திரும்பினாள். "மேடம், கம்பி நடுவுல தொய்ஞ்சிருக்கு. நான் தாண்டினது நாலு மீட்டர்கூட இருக்காது. அளந்து பாத்துடுங்க."

"வேணாம், அது நான் வெச்ச கம்பி!" என்று செயலாளர் பாய்ந்தார்.

புகார் வந்தால் அளந்தே ஆகவேண்டும். நடுவர் நாடாவைப் பிடித்தார். நம்பாமல் மறுபடியும் பிடித்தார்.

"நாலு இருபத்திரெண்டு. சார், இந்தப் பொண்ணு முகாமுக்குக் கிளம்பட்டுமா?"