பில் இல்லாத எழுபத்து நாலு ரூபாய்

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. ஆடிட்டர் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் கணக்கைத் திருத்திவிட்டு, இனிமேல் ஆப் செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பினார். வீட்டில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. மேலப்பாளையத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் தில்ஷாத்திடம் போய்ச் சேர்ந்தார்.

தில்ஷாத் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டே கம்ப்யூட்டர் படித்து, சின்னக் கடைகளுக்கு ஆப் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தவர். அவர் இவரை அண்ணே என்பார். இவர் அவரை டீச்சர் என்பார். வயசெல்லாம் அங்கே செல்லாது.

ஆவுடையப்பனின் முதல் ஆப் ஒரு லிஃப்ட் சர்வீஸ் கம்பெனிக்கு. ஒன்பது மெக்கானிக்குகள் ஊர் ஊராகப் போவார்கள். கைக்காசைப் போட்டுச் செலவு செய்துவிட்டு, பிறகு கம்பெனியிடம் வாங்கிக்கொள்வார்கள். முன்பு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இப்போது ஆப்பில் போட வேண்டும். அச்சடித்த பில்லைப் படம் எடுத்து வைத்தால்தான் ஆப் வாங்கும். இல்லையென்றால் சிவப்பில் ஒரு வரி காட்டிவிட்டுக் கம்மென்று நிற்கும்.

மூன்று மாதம் ஓடியது. ஒரு புதன்கிழமை காலை ஆவுடையப்பன் முகமெல்லாம் பல்லாக வந்தார்.

“செலவு பாதியாக் கொறஞ்சிருக்கு டீச்சர். முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோசம்.”

“மெக்கானிக்குகளுக்கு?”

அது அவர் காதில் ஏறவில்லை. லிஸ்டை நீட்டினார்.

“இந்தப் பேரைப் பாருங்க. இசக்கிராஜா. மூணு மாசமா ஒரு ரூபா கேக்கலை. வெள்ளிக்கிழமை அவருக்குக் கேடயம் கொடுக்கப்போறாங்க. மத்த எட்டுப் பேரையும் இவரை மாதிரி ஆக்கணும். அதுக்கு ஆப்ல இன்னும் என்ன பூட்டு போடலாம்? அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

தில்ஷாத் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிரிண்டரை இழுத்தார்.

“இதை மகாராஜநகர்ல என் நாத்தனார் வீட்டுல கொடுத்துட்டு வந்துருங்கண்ணே. மூணாவது மாடி. ஆகுற செலவை உங்க ஆப்லயே எனக்குப் போட்டு விடுங்க. நான் தாறேன்.”

கேட்டதற்குப் பதில் எங்கே என்று ஆவுடையப்பனுக்கு லேசாக எரிச்சல்தான். ஆனாலும் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். தூக்கிக்கொண்டு போனார்.

மத்தியானம் சட்டை நனைந்து திரும்பி வந்தார். வந்ததும் செலவை வரிசையாகச் சொன்னார். ஷேர் ஆட்டோவுக்கு இருபது. பிரிண்டரும் ஒரு சீட்டைப் பிடிக்குதுல்ல என்று டிரைவர் கேட்டு வாங்கிய இன்னொரு இருபது. கட்டுவதற்குக் கயிறு பத்து. மூன்று மாடிக்கும் ஒரு பக்கம் பிடித்த வாட்ச்மேனுக்கு டீ பன்னிரண்டு. திரும்பி வர பஸ்ஸுக்குப் பன்னிரண்டு. மொத்தம் எழுபத்து நாலு.

“போடுங்க,” என்றார் தில்ஷாத்.

ஆப்பைத் திறந்து ஷேர் ஆட்டோ என்று போட்டார். பில் எங்கே என்றது. கயிறு என்று போட்டார். பில் எங்கே என்றது. டீக்கும் அதேதான். பஸ் டிக்கெட் பத்திரமாக இருக்கிறதே என்று எடுத்தார், வேர்வையில் எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. படம் தெளிவாக இல்லை என்றது ஆப்.

அவர் செய்த ஆப். அவரே எழுதி வைத்த சிவப்பு வரி. நாலு தடவை அவர் முகத்துக்கு நேரே வந்தது.

தில்ஷாத் வேறு வேலையாக இருந்தார். ஆவுடையப்பனின் சட்டைப் பையில் காலையில் ஓட்டலில் பொங்கல் சாப்பிட்ட பில் இருந்தது. எண்பத்திரண்டு ரூபாய், பளிச்சென்ற அச்சு. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு படம் எடுத்து, வழிச் சாப்பாடு என்று போட்டு அனுப்பினார். பச்சை டிக் விழுந்தது.

தில்ஷாத்தின் போன் லேசாக ஒலித்தது. எடுத்துப் பார்த்தார்.

“பொங்கல் நல்லா இருந்துச்சாண்ணே?”

ஆவுடையப்பனுக்கு உடம்பே கூசியது. இருபத்தெட்டு வருஷத்தில் யார் கணக்கிலும் ஒரு ரூபாய் பொய்யை விட்டதில்லை. இன்று தன் ஆப்பில், பட்டப்பகலில், எட்டு ரூபாய் லாபத்தோடு பொய் எழுதிவிட்டார்.

“அது எனக்கு வேற வழி விடலையே டீச்சர்.”

“இசக்கிராஜாவுக்கு எந்த வழி விட்டுச்சுன்னு கேட்டுட்டு வாங்க.”

இசக்கிராஜா ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் லிஃப்ட் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். ஆப் சாரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“உங்களுக்கு மட்டும் செலவே ஆகலையா?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“ஆகாம எப்படி சார்? மாசம் ரெண்டாயிரம் ஓடிரும். பில்லுதான் இல்ல.”

“மத்தவங்க போடுதாங்களே.”

“பெட்ரோல் பங்க் வாசல்ல கெடக்குற பில்லைப் பொறுக்கிட்டு வந்து போடுதாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. பிள்ளைகுட்டிக்காரங்க. எனக்குத்தான் கை வரலை.”

“அப்போ எப்படிச் சமாளிக்கீங்க?”

“போன மாசம் பைக்கை வித்தேன். இனி விக்க ஒண்ணும் இல்ல. இந்த மாசத்தோட நின்னுக்கிடுதேன் சார். பதினேழு வருசம் ஆச்சு.” துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமை கேடயம் வேற தாறாங்களாம். அதைக் கொண்டுபோய் எங்க வைக்க?”

ஆவுடையப்பன் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். முதலில் வந்த பஸ்ஸிலேயே திரும்பினார். தில்ஷாத் வகுப்பைப் பூட்டிவிட்டுச் சாவியோடு வாசலில் நின்றிருந்தார்.

“அந்த மனுசன் போகக் கூடாது டீச்சர்,” என்றார். “பில் இல்லாத செலவுக்கும் ஆப்ல இடம் வைக்கேன். இன்னைக்கே வைக்கேன். ஆனா முதலாளி ஒரே கேள்விதான் கேப்பாரு. பில்லு இல்லாம நான் எதை வச்சு நம்பன்னு கேப்பாரு. அவருக்கு என்ன சொல்லட்டும்?”

தில்ஷாத் பர்ஸைத் திறந்தார். எழுபத்து நாலு ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்தார்.

ஆவுடையப்பன் பணத்தைப் பார்த்தார்.

“நீங்க பில்லு கேக்கலையே டீச்சர்.”

“உங்களை நம்பி அனுப்பினது நான்தானேண்ணே. இசக்கிராஜாவை அனுப்பினது யாரு?”